காப்பு கட்டிய ஆட்டம்

வாசலில் புதுச் செருப்பு கிடந்தது. உள்ளே சிவசண்முகம் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எனக்குச் சுருக்கென்றது. அவன் ஜன்னலோரம் படம் வரைகிறவன். கணினி வேலை என்னுடையது. பாளையங்கோட்டையில் ஒரே அறை, ரெண்டே பேர், அதுதான் எங்கள் கம்பெனி.

"பாஸ்வேர்டை மாத்திட்டேன்லே எஸ்றா," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"எதுக்கு?"

"ஆட்டம் எப்படி விழுந்துச்சுன்னு தெரியணும்லா."

விழுந்தது உண்மைதான். குலசை அம்மன் கோயில் தசராவை வைத்து நாங்கள் செய்த செல்போன் விளையாட்டு அது. மஞ்சள் காப்பு கட்டி, காளியோ கரடியோ வேஷம் போட்டு, தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கிக் குலசைக் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டும். காப்பு கட்டாமல் ஆட்டமே திறக்காது; அது அவன் யோசனை. கொடியேறிய நாளிலிருந்து பஸ்ஸில், டீக்கடையில், எங்கு பார்த்தாலும் எங்கள் காளிதான். விளம்பரம் தர சென்னையிலிருந்து ஒருவன் பேசினான். வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார்கூட 'உருப்படாத வேலை' என்று சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு சீசன் ஓடினாலே அதிர்ஷ்டம் என்கிற தொழில்தான் இது, எனக்குத் தெரியாதா? ஆனால் சூரசம்ஹாரம் முடிந்த மறுநாளே ஆட்டத்தில் ஒருத்தரையும் காணோம். அப்படி விழும் என்று நானும் நினைக்கவில்லை.

"மழை விட்டாலும் தூவானம் இருக்கும்லா? எல்லாரும் ஒரேயடியாவா போவாவ? ஆட்டத்த அந்தச் சென்னைக்காரன்ட்ட வித்துட்டியா? அன்னைக்கு போனை எடுத்துட்டு வெளிய போயிப் பைய பேசுனியே?"

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு ரீபா கூப்பிட்டா. கூறு இருக்காலே உனக்கு?"

"உங்க மாமா அப்பாத்துரை சார்ட்ட நேத்தே சொல்லிட்டேன்."

ஆண்டவரே! காலையிலிருந்து ரீபா என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதது இதனால்தானா? கட்டின மனைவியின் வீட்டிலேயே என்னைக் கள்ளனாக்கிவிட்டான், படுபாவி. இனி அந்த வாசலை நான் எந்த முகத்தோடு மிதிப்பது?

தான் திருடி பிறரை நம்பாள் என்பார்கள். இவனே விற்றுவிட்டு என் தலையில் கட்டுகிறானோ? ஒரு மாதமாக வெறுங்காலோடு திரிந்தவனுக்குத் திடீரென்று புதுச் செருப்பு எங்கிருந்து வந்தது?

"உன் போனைக் காட்டுலே," என்றேன்.

"நல்லாப் பாத்துக்கோ." தூக்கி மேஜைமேல் போட்டான்.

துருவித் துருவிப் பார்த்தேன். சென்னைக்காரனோடு பேசிய தடயம் எதுவும் இல்லை. எங்கள் ஆட்டமும் இல்லை.

"ஆட்டம் எங்கலே?"

"அழிச்சிட்டேன்."

"நீ வரைஞ்ச ஆட்டத்த நீயே ஏம்லே அழிச்ச?"

"காப்பு களைஞ்சாச்சுல்லா! வெரதம் முடிஞ்சு செருப்பே போட்டாச்சு. காப்பு களைஞ்ச பொறவு எவனாவது வேஷம் கட்டுவானா? அடுத்த தசராவுக்குத்தான். உங்க ஆளுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? இங்கன எல்லாரும் அப்படித்தான..."

தான் சொன்னது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. காப்புக் கயிறு இருந்த மணிக்கட்டை இன்னொரு கையால் பொத்திக்கொண்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மானிட்டரைத் தூக்கிப் போட்டிருப்பேன். அது என் காசில் வாங்கியது.

"எந்திரிலே," என்றேன்.

"எங்க?"

"எங்க மாமா வீட்டுக்கு. இப்ப சொன்னத ஒரு சொல்லு விடாம அங்கன வந்து சொல்லு."

அந்தப் புதுச் செருப்பை மாட்ட அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.