பட்டில் கட்டிய கை

சண்டைக்கு முந்தின நாள் டாக்டர் என் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்றார். நான் நம்பவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். அதே எண்தான் வந்தது. அறுபத்தோரு வயதுக்காரன் குத்துச்சண்டை போடுகிறேன் என்று வந்து நின்றால் எவனாவது தடுக்க வேண்டும். யாருமே தடுக்கவில்லை என்றால் அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆரணியில் எங்கள் பாக்சிங் கிளப்புக்கு ஐம்பதாவது வருஷம். பழைய ஆட்கள் ரெண்டு பேரை மூன்று ரவுண்டு மோதவிடலாம் என்று செயலாளர் தென்னரசு சொன்னான். எதிரில் யார் என்று கேட்டேன். போளூர் வின்சென்ட் என்றான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மாவட்ட இறுதிச் சண்டையில் ஒரே ஒரு புள்ளியில் என்னை ஜெயித்தவன். அன்றைக்கு நடுவரும் போளூர்க்காரன். அன்றோடு சண்டையை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். இந்தத் தடவை நடுவர் வேலூர்க்காரர் என்று இரண்டு பேரிடம் விசாரித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

என் பெண்டாட்டி சுபத்ரா பத்து நாளாக என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். சண்டையன்று காலையில் நான் கிளம்பும்போது ஒரு துணிச் சுருளைக் கொண்டுவந்து நீட்டினாள். நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து ஓரம் தைத்த பட்டு. நிறத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கரையில் சாயம் ஏறிவிட்டது என்று முதலாளி கழித்த புடவை. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே பட்டு.

"நூல் துணி கட்னா தோலு உரியுது. அப்பறம் இழையில கை வெச்சா மாட்டிக்கும், ஒரு வாரம் தறியில உக்கார முடியாது. இத்த கட்டிக்கோங்க" என்றாள். தான் வரமாட்டேன் என்றும், என்னை ஒருத்தன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்றும் சொன்னாள்.

கைக்கட்டு பருத்தியில்தான் இருக்க வேண்டும். வியர்வை பட்டால் பட்டு நழுவும். நழுவினால் கையுறைக்குள் முஷ்டி நிற்காது. அவளுக்குப் பட்டு தெரியும், குத்து தெரியாது.

உடை மாற்றும் அறையில் தென்னரசு அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாண்ணே, கல்யாணத்துக்கா வந்த? முப்பத்திரெண்டு வருஷமா பொலம்பிகினு இருந்த. இத்த கட்டினா தோத்துடுவ."

ஒரு ஜோடி பருத்திக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் சொன்னது சரிதான். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு, பட்டையே கட்டச் சொன்னேன்.

முதல் ரவுண்டு என்னுடையது. வின்சென்டுக்குத் தொப்பை போட்டிருந்தது. என் இடது கை இரண்டு முறை அவன் மூக்கில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது ரவுண்டில் வலது கைப் பட்டு நழுவ ஆரம்பித்தது. உள்ளங்கையில் உருண்டையாகத் திரண்டு விரலை மடக்க விடவில்லை. குத்தினால் வலி எனக்குத்தான். வின்சென்ட் கண்டுபிடித்துவிட்டான். கட்டிப் பிடித்தபோது காதோரம் கேட்டான்.

"பச்சையப்பா, கை போச்சா? நிறுத்தச் சொல்லட்டா?"

ஏதோ தந்திரம் என்று நினைத்து, உன் வேலையைப் பார் என்றேன். பார்த்தான். விலாவில் விழுந்த குத்தில் எனக்குக் கண் இருட்டியது. அதில் இரக்கம் ஒரு துளியும் இல்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனை எனக்குப் பிடித்தது.

மூலையில் வந்து உட்கார்ந்ததும் தென்னரசு கையுறையைக் கழற்றப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுபத்ரா வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறையைப் பார்த்தாள்.

"துணி நல்லா நிக்குதாங்க?"

தென்னரசு வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

"நல்லா நிக்குதும்மே."

மணி அடித்தது. வின்சென்ட் அதற்குள் நடுவில் வந்து நின்றுவிட்டான். எழுந்தபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். சுபத்ரா தன்னையறியாமல் இரண்டு கையையும் மூடி முகவாய்க்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். இடது கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு குத்து உள்ளே வந்துவிடும்.