பாலகுருவுக்கு மரியாதை

ஆம்புலன்சின் பின்கதவைச் சாத்தும்போது உமாராணி மூன்றாவது முறையாகக் கேட்டுப் பார்த்தாள்.

"ஒரே ஒரு மேளம் சார். அஞ்சு நிமிஷம் போதும்."

பிணவறை ஊழியர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மேளம் மாஃபி, சிஸ்டர். கிடையாது."

பெட்டிக்குள் கிடந்தவர் அவள் புருஷன் அடெவாலே பலோகுன், நைஜீரியாக்காரர். இருபத்திரண்டு வருஷமாக ஷார்ஜா தொழில்பேட்டையில் லாரி மெக்கானிக். பலோகுன் என்ற பெயர் நம் ஆட்களின் வாயில் ஒரே வாரத்தில் பாலகுரு ஆகிவிட்டது. தமிழையும் அவர்களிடமே பழகிக்கொண்டார். நாலு சந்து தள்ளி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த திருமங்கலத்து உமாராணி, பாலகுருவை ஊர்க்காரர் என்று நம்பி போனில் மணிக்கணக்காகப் பேசினாள். ஆளை நேரில் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. மனசு போய்விட்டது.

"பலோகுன்னா படைத்தலைவன், உமா" என்பார் அவர்.

பட்டம் தாத்தாவுடையது. வெள்ளைக்காரத் துரை வந்து படையைக் கலைத்தான். ரோடு போட ஊர் ஆட்களைப் பிடித்துத் தரச் சொன்னான். சண்டைக்குக் கூட்டிப்போனவர்களை மண் சுமக்கக் கூட்டிப்போகமாட்டேன் என்றார் தாத்தா. பட்டம் பறிபோயிற்று. அதோடும் துரைக்கு ஆத்திரம் தீரவில்லை. படைத்தலைவன் செத்தால் துப்பாக்கி முழங்க வேண்டும் என்பது அந்த ஊர் முறை. தாத்தா செத்தபோது ஒரு வெடிகூடக் கேட்கக் கூடாதென்று காவல் போட்டான். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் புதைத்தது.

"தாத்தாவுக்கும் சேத்து எனக்குச் சத்தம் வேணும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைப் பிடித்துக் கேட்டார். பாவி மனுஷி, சரி என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தாள்.

பெட்டியை நைஜீரியாவுக்கு அனுப்ப வண்டி கிளம்பியதும், முன்சீட்டிலிருந்த உமாராணியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவரோடு வேலை பார்த்த கார்மேகம் போனில் கூப்பிட்டான்.

"மதினி, ஏர்போர்ட்டுக்கு நம்ம சந்து வழியா வாங்க."

"எதுக்குப்பா? மேளத்துக்கு விடமாட்டேன்னுட்டாங்க."

"மேளம் யாரு அடிக்கப்போறா? எல்லாரும் டூட்டியில இருக்கோம். சும்மா வாங்க."

சந்துக்குள் வண்டி திரும்பியது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப் வாசலிலும் நீல உடுப்புக்காரர்கள் நின்றார்கள். பட்டாணியர்கள், மலையாளிகள், நம்மவர்கள். ஒவ்வொருவன் கையிலும் லாரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்றுகிற காற்று மெஷின். அதற்கு அங்கே எல்லாரும் சொல்லும் பெயர் கன், அதாவது துப்பாக்கி.

கார்மேகம் தன் கன்னை வானத்துக்குத் தூக்கி அழுத்தினான். டர்ர்ர். அடுத்த வாசலில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. தகரக் கூரைகள் கிடுகிடுத்தன. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அந்தத் துரை எந்த மண்ணுக்குள் கிடந்தாலும் இன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டிருப்பான் என்று உமாராணிக்குத் தோன்றியது. நெஞ்சு நிறைந்து போயிற்று. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டிரைவர் இர்ஷாத் வண்டியை மெல்ல உருட்டியபடி இந்தியில் கேட்டான். "யார் போறாங்க பெஹன்?"

"படைத்தலைவர்" என்றாள்.

அவன் கையைப் பின்னால் நீட்டி, தங்களுக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த சின்னக் கண்ணாடியை முழுக்கத் திறந்துவைத்தான்.