ஆருக்கு வடிக்க

மக்டலீன் தாயின் தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது செல்வத்துரை வாசலில் வந்து நின்று, "அக்கா, ரெக்கோடரை எங்கை வைக்கிறது?" என்று கேட்டான்.

அவள் முடிச்சை இறுக்கினாள். உயிரோடு இருந்த காலத்தில் பியாட்றிஸ் வாயை மூடி ஊரில் ஒருவரும் கண்டதில்லை. இப்போதும் அது லேசில் மூட மறுத்தது.

"என்னத்தை?"

"லயனல் அனுப்பின ரெக்கோடரை. தலைமாட்டிலை வைச்சால் மெழுகுதிரி உருகி விழும். கால்மாட்டிலை எண்டால் குரல் தெளிவாய் விழாது. நீங்கள் எந்தப் பக்கம் இருந்து சொல்லி அழுவியள் எண்டு தெரிஞ்சால்..."

"முதல்லை வெளியிலை போய் நில். அம்மாவுக்குச் சீலை மாத்தவேணும்."

அவன் போனான். போனாலும் வாசலுக்கு அந்தப் பக்கம் அவன் நிழல் அசையாமல் நின்றது. நல்ல பெடியன்தான், ஆனால் ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டால் நேரம் காலம் தெரியாமல் அதைப் பிடித்துத் தொங்குவான்.

விடியக்காலையில் உயிர் போயிருந்தது. மின்சாரம் நின்று மூன்று வருடமாகிவிட்ட ஊரில் பிரேதத்தை வைத்துக்கொண்டு பார்த்திருக்க முடியாது. பின்னேரத்துக்குள் சேமக்காலையில் அடக்கிவிட வேண்டும் என்று கோயில் மூப்பர் செபநாயகம் சொல்லிவிட்டுப் பெட்டி பார்க்கப் போயிருந்தார். அறிவிக்கவேண்டிய சொந்தம் என்று பார்த்தால் ஒருவன்தான். அவனுக்கு அறிவிக்கத்தான் வழியில்லை.

லயனல் மக்டலீனுடைய ஒரே தம்பி. அவர்களுடைய ஊரான கொழும்புத்துறையின் கோயில் பாட்டுக்குழுவில் கிற்றார் பழகினவன். செல்வத்துரையையும் இன்னும் சில பெடியன்களையும் சேர்த்து ஊரில் ஓர் இசைக்குழு வைத்திருந்தான். செல்வத்துரைக்கு டோலக். எண்பத்தேழில் லயனல் மட்டும் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பகலில் கோப்பை கழுவி, மற்ற நேரத்தில் பாட்டுக் கட்டி, கூத்து மெட்டுக்கும் வலையிழுக்கிற பாட்டுக்கும் எலெக்ரிக் கிற்றாரும் ட்ரம்மும் சேர்த்து 'கரைவலை' என்றொரு குழுவை நிமிர்த்திவிட்டான். அதில் இரண்டு வெள்ளைக்காரரும் வாசிக்கிறார்களாம். இந்த வருடம் அவர்களுடைய புதுக் கசெற் வெளிவந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சூரிச், ஒஸ்லோ, லண்டன், ரொறன்ரோ என்று ஊர் ஊராக மேடை ஏறிக்கொண்டிருந்தான்.

போன கிழமை, யாழ்ப்பாணத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே வழியான கிளாலிக் கடலால் வந்த ஒரு மனிதர் அந்தக் கசெற்றையும் ஒரு சின்ன ரெக்கோடரையும் கொண்டுவந்து தந்தார். பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் ஆமி விடாத சாமான். ஒரு றாத்தல் பாணைக் குடைந்து, உள்ளே பற்றரியை வைத்துப் பொத்தி, காவலுக்கு நின்ற சென்றிக்காரனுக்கு முன்னால் அந்தப் பாணின் ஒரு துண்டைக் கடித்தும் காட்டிக் கொண்டுவந்தாராம். லயனல் சொல்லிவிட்டதையும் வந்த கையோடு ஒப்புவித்தார்: "அம்மாவுக்கு ஏதும் எண்டால் எனக்கு வர ஏலாது. அக்கா சொல்லி அழுறதையாவது ஒண்டும் விடாமல் பிடிச்சு அனுப்புங்கோ."

மக்டலீன் அப்போது கசெற்றின் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டையில் ஒரு வள்ளம். வள்ளத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் 'ஆருக்கு வடிக்க' என்று இருந்தது.

அது அவளுடைய சொல். ஏழு வருடத்துக்கு முந்தி, அவளுடைய புருசன் யாகோப்பு வெயில் எறிக்கிற ஒரு நாளில் தொழிலுக்குப் போய், கடலில் துப்பாக்கிச் சூடு விழுந்து, வள்ளம் மட்டும் தனியே கரை தட்டியது. ஆட்கள் வந்து சொன்னபோது அவள் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வடிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

*மழைக்கெல்லாம் ஒதுங்கினியள் - என்ரை ராசா*
*வெயிலுக்கோ வெளிக்கிட்டியள்*
*உலையிலை அரிசி வெந்தால் - என்ரை ராசா*
*ஆருக்கு வடிக்க இனி*

அன்றைக்கு அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் லயனல்தான். அவனுடைய நெஞ்சில் தலையை முட்டி முட்டித்தான் இதைச் சொல்லி அழுதாள். அவன் காதுக்குள் அது போய் இருந்திருக்கிறது. போய் இருந்து, வளர்ந்து, ட்ரம் அடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

"மேடையிலை ஏறினால் முதல் சொல்லுறதே உங்களைப் பற்றித்தானாம், அக்கா," என்று அன்று செல்வத்துரை வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். "இது என்ரை அக்கா பாடின பாட்டு எண்டு சொல்லுவானாம். உடனை சனம் எழும்பி நிண்டு கை தட்டுமாம். 'ஆருக்கு வடிக்க' எண்டு அவன் கேக்க, முழுச் சனமும் திருப்பிக் கத்துமாம்."

"நான் எப்பயடா பாடினனான்?" என்றாள் மக்டலீன். "நான் அழுதனான்."



சீலை மாற்றி, செபமாலையைத் தாயின் விரல்களில் சுற்றிவிட்டு அவள் வெளியே வந்தபோது அவன் இன்னும் அங்கேதான் நின்றான்.

"செல்வம், நான் ஒண்டு கேக்கிறன். உள்ளதைச் சொல்லு. அவன் என்னத்துக்கு இதைக் கேட்டவன்? அழுறதுக்கோ, பாடுறதுக்கோ?"

அவன் ரெக்கோடரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "தெரியாது, அக்கா."

"எனக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பயமாய்க் கிடக்கு."

"அவனும் பாவம் அக்கா. இந்தக் கிழமை ரொறன்ரோவிலை எண்டு அந்த மனிசன் சொன்னது. இஞ்சை விடியேக்கை அங்கை பொழுதுபட்ட நேரம். அம்மா போகேக்கை அவன் மேடையிலை நிண்டிருப்பான்."

இதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றடிக்குப் போனாள், வாளியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். எரிகிற மெழுகுதிரியை நிமிர்த்தினாள். அடுப்பைப் பார்த்தாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவளுடைய தாய் மூச்சை விட்ட அந்த நேரத்தில் எங்கோ ஒரு மண்டபம் நிறைந்த சனம் 'ஆருக்கு வடிக்க' என்று கைதட்டிக் கத்திக்கொண்டு நின்றது. யாரில் கோபிப்பது என்று தெரியாத கோபம் அவளைப் போட்டு உலுப்பியது.

ஆனால் அந்தப் பாட்டில் தாய்க்கு எவ்வளவு ஆசை! நேற்றுப் பின்னேரம்கூடக் கேட்டாள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயரை இழுத்து வீட்டிலிருந்த, கசெற் போடுகிற பழைய ரேப்பில் கொழுவி, மக்டலீன்தான் பெடலைச் சுற்றினாள். வயர் வேலை எல்லாம் செல்வத்துரையின் கைவண்ணம். ட்ரம் விழுந்தது, கிற்றார் துள்ளியது, லயனலின் குரல் குதித்துக்கொண்டு வந்தது. கிழவியின் கால் பெருவிரல் போர்வைக்குள் தாளம் போட்டது.

"என்ரை பிள்ளை எவ்வளவு சந்தோசமாய்ப் பாடுறான், பார்."

சுற்றிச் சுற்றி மக்டலீனுக்குத் தோள் கடுத்தது. கை தளர்ந்த உடனே ரேப்பும் தளர்ந்தது. லயனலின் குரல் இழுபட்டு, கனத்து, அடித்தொண்டைக்கு இறங்கியது.

"மெல்லச் சுத்தாதை, பிள்ளை," என்றாள் தாய். "அவன் அழுற மாதிரிக் கிடக்கு."

மக்டலீன் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றினாள். தாய் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் ஒன்றும் கதைக்கவில்லை.

பெட்டி வந்து, தாயைத் தூக்கி வைத்து, சனமும் சேர்ந்துவிட்டது. கொழும்புத்துறையில் மக்டலீனைப் போலச் சொல்லி அழ ஆளில்லை என்பது ஊரறிந்த கதை. அவள் அழுதால் சண்டைக்காரரும் அழுவார்கள். அதைக் கேட்கவென்றே வந்த மாதிரிப் பெண்கள் பெட்டியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். கால்மாட்டில் ஒரு முக்காலியில், பூக்களுக்கு நடுவே, ரெக்கோடர் இருந்தது. செல்வத்துரை அதைத் தட்டிவிட்டுச் சுவரோடு ஒதுங்கினான். சின்னதாய் ஒரு சிவப்பு லைற் எரிந்தது.

அடுத்த வீட்டுப் பொன்மலர் அவளுடைய முதுகைத் தடவினாள். "சொல்லி அழு, மக்டலீன். நெஞ்சுக்குள்ளை வைச்சிராதை."

அழுகை இல்லாமலா! அவள் சிவப்பு லைற்றைப் பார்க்காமல், துணி கட்டிய தாயின் முகத்தைப் பார்த்தாள்.

*வாயாலை ஊரை ஆண்ட - என்ரை அம்மா*
*வாய்கட்டிப் படுத்தியளோ*

பெண்களிடமிருந்து ஒரு பெரிய மூச்சு எழும்பியது. அடுத்த அடிக்கு மக்டலீன் வாயைத் திறந்தாள். திறந்தவள் பேசாமல் இருந்தாள். ஏன் இருக்கிறாள் என்பது அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. கசெற்றில் இந்த இடத்தில் கிற்றார் வரும். அவள் கிற்றாருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து பார்த்தாள். அவளுடைய வலக்கை விரல்கள் பெட்டியின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. எதிரே இருந்த குமர்ப்பிள்ளைகள் இரண்டு பேரின் தலைகளும் அதே தாளத்தில் மெல்ல ஆடின. அவர்கள் கேலிக்கு ஆடவில்லை; கண்ணீர் வடிந்துகொண்டுதான் இருந்தது.

மக்டலீன் கையைத் தூக்கி மடிக்குள் ஒளித்தாள். பிறகு வாய் திறக்கவில்லை. பொன்மலர் தடவினாள், மாமிமார் உலுப்பினார்கள், அவள் அசையவில்லை. சனம் முகத்தை முகம் பார்த்தது. செபநாயகம் மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு பரமண்டல மந்திரத்தைத் தொடக்கினார். அதன் பிறகு ஆணி அடிக்கிற சத்தம்தான்.

"ஒரு அடியோடை நிப்பாட்டிப்போட்டாள்," என்று சேமக்காலையால் திரும்பி வரும்போது யாரோ பின்னால் சொன்னது அவள் காதில் விழுந்தது. "பெத்த தாய்க்கு ஒரு அடி."

வீட்டில் பொன்மலர் சோறு கொண்டுவந்து மூடி வைத்திருந்தாள். முற்றத்தில் மூப்பரும் நாலைந்து பெண்களும் இருந்தார்கள். வெயில் இன்னும் போகவில்லை. செல்வத்துரை உள்ளே வந்து, வெறுங்கட்டிலுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நாளைக்குக் கிளாலிக்குப் போற ஒருத்தர் கொண்டுபோறன் எண்டவர், அக்கா. ஆனால் இதிலை ஒரு அடி இருக்கு. பிறகு மூப்பற்றை செபமும் சுத்தியல் சத்தமும்தான். இதையோ அனுப்புறது?"

மக்டலீன் எழும்பினாள், கட்டிலைச் சுற்றி நடந்தாள், பின்வாசல் வரை போய்த் திரும்பினாள். சுவரில் சாத்தியிருந்த சைக்கிளுக்கு முன்னால் நின்றாள்.

"இதைக் கவிழ்த்துப் பிடி."

"அக்கா?"

"பிடி எண்டு சொல்லுறன். வயரைக் கொழுவு. கசெற்றைப் போடு."

அவனுக்கு முழி பிதுங்கியது. ஆனாலும் சொன்னதைச் செய்தான். அவள் நிலத்தில் இருந்து பெடலைப் பிடித்தாள். ட்ரம் விழுந்தது. கிற்றார் துள்ளிக்கொண்டு வந்தது. முற்றத்தில் கதை சட்டென்று நின்றது.

"என்ன பிள்ளை இது?" மூப்பர் வாசலுக்கே வந்துவிட்டார். "செத்தவீட்டிலை பாட்டோ?"

"பாட்டில்லை, அண்ணை. கொஞ்சம் பொறுங்கோ."

லயனல் பாடத் தொடங்கினான். மக்டலீன் கையின் வேகத்தைக் குறைத்தாள். துள்ளிய குரல் நொண்டியது. இன்னும் குறைத்தாள். ட்ரம் யாரோ நெஞ்சில் அடிப்பது போல விட்டு விட்டு விழுந்தது. கிற்றாரின் கம்பி நீளமாக ஊளையிட்டது. லயனலின் குரல் அடியில் போய், தடித்து, நடுங்கி, மழைக்கெல்லாம் என்பதைச் சொல்லி முடிக்க முடியாமல் இழுத்தது. வயது வந்த ஓர் ஆண்பிள்ளை வெட்கத்தை விட்டு அழுகிற குரல் அது. அந்த வீட்டில் யாரும் அவன் அழுது கேட்டதில்லை.

மூப்பர் தோளில் கிடந்த துவாயைக் கையில் எடுத்தார். வாசலில் அவருக்குப் பின்னால் பொன்மலர் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். முற்றத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்து நின்றார்கள்.

"ரெக்கோடரைப் போடு," என்றாள் மக்டலீன்.

"அக்கா, இது அவன்ரை குரல்தானே. அவனுக்கே..."

"ஓம். அவனுக்குத்தான். போடு."

செல்வத்துரை ரெக்கோடரை ரேப்புக்குப் பக்கத்தில், வெறுங்கட்டிலில் வைத்துத் தட்டினான். பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது, சிவப்பு லைற் மங்கலாகத்தான் எரிந்தது. ஆருக்கு, ஆருக்கு என்று லயனல் மூச்சுப் பிடித்துப் பிடித்துக் கேட்டான்.

தோள் கடுத்தது. கையை மாற்றினால் வேகம் கூடிவிடுமென்று மக்டலீன் அதே கையாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.