அலமாரிக்குள்ளிருந்து செய்திகள்

மாலைச் செய்திக்கு நேரமானால் அவள் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். வானொலி நிலையம் வீட்டிலிருந்தே வாசிக்கச் சொன்ன நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் எதிரொலி இருக்காது என்று யோசனை சொன்னவர் நிலையத்து ஒலிப்பதிவாளர். கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு முக்காலி போட்டு, கணவனின் சட்டைகளுக்கும் ஸ்வெட்டர்களுக்கும் இடையில் முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டு வாசிப்பாள். அவளுடைய துணிகள் மெல்லியவை. குரலுக்குக் கனம் கொடுத்ததெல்லாம் அவனுடையவைதான்.

அவன் மருத்துவமனையில் நர்ஸ். தொற்று மும்முரமாக இருந்தபோது ஊழியர் விடுதியிலேயே தங்கிவிட்டான். நெடுநாள் கழித்து ஒரு முறை வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தவள் தன்னையறியாமல் பின்வாங்கி, கையில் கிருமிநாசினி பாட்டிலோடு நின்றாள். பயம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"விருந்தாளிகூட இதைவிட உரிமையா உள்ள வருவான்," என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினான். அவள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அதன்பின் இருவருக்குமான பேச்சு, குழாய் ரிப்பேர்காரர் வந்தாரா என்கிற அளவோடு நின்றது. தலைப்புச் செய்தியாக இருந்த நோய் மெல்ல நழுவி, விளையாட்டுச் செய்திக்கும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரேயடியாகப் போகவும் இல்லை, முன்போல் மிரட்டவும் இல்லை. அக்கம்பக்கத்தில் பிரிந்திருந்தவர்களெல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் ஊருக்கெல்லாம் சேதி சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து இறங்கி, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள்.

குளிர் தொடங்கியதும் அவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஸ்வெட்டர் இரண்டு வேண்டுமாம். ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து வாங்கிக்கொள்வாராம். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு எதற்கு, எல்லாமே போகட்டும் என்று ஒரு வீம்பு. கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டு வரை பெரிய பையில் திணித்தாள். டிரைவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே ஆளையே வைத்து அனுப்புகிறீர்களா அக்கா என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை வாசிக்கும்போது வெறும் ஹேங்கர்கள் தலைக்கு மேல் உரசிக் கிணுகிணுத்தன. முடிந்ததும் ஒலிப்பதிவாளர் போன் செய்து, கிணற்றுக்குள்ளிருந்து வாசித்த மாதிரி இருந்ததே மேடம் என்று அலுத்துக்கொண்டார். துணியெல்லாம் சலவைக்குப் போயிருப்பதாக ஒரு பொய்யைச் சொல்லிவைத்தாள். போனைக் கீழே வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. கணவன்.

"பையை இன்னும் பிரிக்கலை," என்றான். "ஆனா தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் அனுப்பிட்டே."

"யார் சொன்னா?"

"நீதான் சொன்னே. இப்பதான், ரேடியோல. வார்டுல தினம் நியூஸ் வைக்கிறது நான்தானே."

அவளுக்கு அது தெரியாது.

"வீடே காலியான மாதிரி இருந்துச்சு உன் குரல்."

"காலியாத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் யாரோ நோயாளி கூப்பிட்டார். "சரி," என்று வைத்துவிட்டான். அந்தச் சரி எந்தச் சரி என்று அவள் இரண்டு நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் டிரைவர் மறுபடி வந்தார். கையில் இரண்டு பைகள்.

"நீங்க குடுத்த பை குட்டி போட்டிருக்குக்கா."

பெரிய பையில் அவள் அனுப்பிய துணிகள் திணித்தது திணித்தபடியே இருந்தன. சின்னதைப் பிரித்தாள். அவனுடைய சீருடைகள், சவர சாமான், குதிகால் தேய்ந்த செருப்பு, பிடி உடைந்தும் அவன் விடாமல் வைத்திருக்கும் டீக் கோப்பை. விடுதியில் அவனுக்கு மாற்றிக்கொள்ள இனி ஒரு துணி கிடையாது. போனில் ஒரு வரி வந்திருந்தது: நாளை டூட்டி முடிந்ததும்.

வாசலருகே இருந்த கிருமிநாசினி பாட்டிலை எடுத்துக் குளியலறையில் வைத்தாள். அந்த இடத்தில் செருப்பை வைத்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். மாலையில் அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து, விளையாட்டுச் செய்திக்குப் பின் வழக்கம்போல் தொற்று நிலவரத்தைச் சொன்னாள். குரல் பழையபடி நிறைந்து வந்தது. வார்டில் அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

சாப்பிட இரண்டு தட்டு எடுத்துவிட்டாள். நாளைக்குத்தானே என்று ஒன்றைத் திருப்பி வைத்தாள்.