சனிக்கிழமை பத்து மணி அழைப்பு

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் அடுக்குமாடி புளோக்கில் அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. கீழே மின்சார அறையில் ஏதோ பழுதாம். இரண்டு மணி நேரத்தில் விளக்கு, விசிறி, ஐஸ்பெட்டி எல்லாம் வந்துவிட்டன. இணையம் மட்டும் வரவில்லை. டிவி மேசைக்குப் பின்னால் இருக்கும் பைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான். இந்தத் தம்மாத்துண்டு பெட்டிக்கு ஆள் கூப்பிடுவதாவது. கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று உயிரை வாங்குவார்கள். மருதப்பா, நீயே பாருடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்து எல்லா ஒயரையும் பிடுங்கினேன். பிடுங்குவதற்கு முன்னால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் போதும், அதைக்கூடச் செய்யவில்லை. சுவிட்சை அணைத்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகச் செருகினேன். விளக்கு பச்சையானது. கடைசியில் மெல்லிய ஒயர் ஒன்று கையில் மிஞ்சியது. பக்கத்து ரவுட்டர் பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் வைத்து அழுத்தினேன், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா சுந்தரி, வேலை முடிஞ்சது. இதுக்குப் போய் டெக்னீஷியன் வேணுமா?" என்றேன் என் மனைவியிடம்.

"உங்களால முடியாதது உண்டா" என்றாள் சிவகாமசுந்தரி. கிண்டல்தான். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அவளுக்குக் கண் போய் நாலு வருடம் ஆகிறது. சர்க்கரை தின்றுவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். கைப்பேசியின் வழவழப்பான கண்ணாடியில் எங்கே தொடுவது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் பெரிய பெரிய பட்டன் வைத்த வீட்டுப் போன் ஒன்றை வாங்கி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் போனும் அதே பைபர் பெட்டி வழியாகத்தான் ஓடுகிறது.

அந்தப் போனில் எங்கள் மகன் ரஞ்சன் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவான், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து. இது எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அதே வாரம் வேலை கிடைத்தது என்று விமானம் ஏறினவன் அவன். ஆபரேஷனும் பலிக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "இனிமே என் நம்பருக்குக் கூப்பிடாதே" என்றேன். அத்தோடு விட்டேனா? வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாதபடி கம்பெனியில் சொல்லிப் பூட்டியும் வைத்தேன். நான் சொன்னதை அவன் அப்படியே கேட்டான். என் நம்பருக்கு ஒரு நாளும் கூப்பிடவில்லை.

நான் சனிக்கிழமைதோறும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போவேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பர்ஸை மறந்து பாதியில் திரும்பி வந்தேன். வாசல் கிரில்லுக்கு வெளியே நின்றபோது அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கண் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "சாப்பிட்டியாடா ரஞ்சன்?" என்று கேட்டாள். சத்தம் போடாமல் லிஃப்டுக்கு நடந்துவிட்டேன். அதிலிருந்து எந்தச் சனிக்கிழமையும் பன்னிரண்டு மணிக்கு முன்னால் வீடு திரும்பியதில்லை. காய்கறி வாங்க அரை மணி நேரம் போதும். மீதி நேரம் மார்க்கெட் உணவுக் கடைகளில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பேன்.

கரண்ட் போன அந்த வாரச் சனிக்கிழமை நான் வீடு திரும்பியபோது அவள் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, போன்ல சத்தமே இல்லையே."

"அதுல யாரு கூப்பிடப் போறா? ஸ்கேம்காரன்தான். நெட் ஓடுதுல்ல, விடு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். பதறியிருந்தால் எனக்கு விஷயம் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அந்த வெட்டி வீம்புக்காக வாய் உளறியது. அவள் ரிசீவரைத் தடவித் தடவி அதன் இடத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் புதன்தான் ஆள் வருவாராம். அதற்குள் இன்னொரு சனிக்கிழமையும் போய்விட்டது.

வந்தவர் பெயர் ஒலி முகம்மது. நாற்பது வயதிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்த உடனே சிரித்துவிட்டார்.

"அங்கிள், இது போன் ஒயர் லா. ரவுட்டர்ல குத்தி வச்சிருக்காங்க. அங்க உள்ள போகும், ஆனா வேலை செய்யாது. இந்தப் பெட்டியில போடணும். யாரு மாத்தினா?"

"பாய், கொஞ்சம் மெதுவா" என்றேன். சுந்தரி ஹாலில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள்.

ஒயரை இடம் மாற்ற அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. போனில் சத்தம் வந்தது. சுந்தரி ரிசீவரைக் காதில் வைத்து அந்தக் கொய்ங் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை போன் அடிக்கவில்லை. நான் வந்தபோது, காலையில் அவளுக்கு வைத்துவிட்டுப் போன இட்லி அப்படியே இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அடிக்கவில்லை. "சாப்பிடு" என்றால் "பசிக்கல" என்றாள். ராத்திரி மருந்து கொடுக்கும்போது, "கண்ணு தெரியாதவகிட்ட எத்தனை நாளைக்குத்தான் பேசுவாங்க" என்றாள். யாரைச் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தேக்காவில் மார்க்கெட் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். பெர்த்துக்குப் போன முதல் வாரத்தில் 'இது என் புது நம்பர்' என்று அவன் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். பதில் போடவில்லை, அழிக்கவும் இல்லை. மணி பத்து இருபது. அந்த நம்பரை அழுத்திவிட்டேன்.

ஒரே மணியில் எடுத்தான்.

"அப்பா?"

நான் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, அம்மாவுக்கு என்னாச்சு? எப்ப... எப்ப போனாங்க?" அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

நான் கூப்பிட்டால் அவன் அம்மா செத்துப்போனாள் என்றுதான் பொருள். என் பிள்ளையின் மனதில் நான் அதற்கு மட்டும்தான் இருக்கிறேன். சுற்றிலும் தட்டுச் சத்தம், ஆள் சத்தம். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அறுபத்தெட்டு வயதில் நானும் அழுதேன்.

"டேய், அழாத. அம்மா நல்லா இருக்கா. வீட்லதான் இருக்கா. போன்தான் கெட்டுப்போச்சு. கரண்ட் போனப்ப நான் ஒயரை மாத்திக் குத்திட்டேன்."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வாரம் ட்ரை பண்ணேன்ப்பா. லைன் இல்லன்னு ரெக்கார்டிங் வந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்க நிறுத்திட்டீங்கன்னு நினைச்சேன். மேல மேல கூப்பிட்டா நீங்க அம்மாவைத் திட்டுவீங்கன்னு விட்டுட்டேன்."

"இல்லடா. தெரியாமப் பண்ணது. இப்ப சரியாயிடுச்சு, நீ கூப்பிடு. உனக்காக உக்காந்திருக்கா, சாப்பிடக்கூட மாட்டேங்கிறா."

"நீங்க வீட்லயா இருக்கீங்க?"

"இல்ல, தேக்கால."

"எப்பப் போவீங்க?"

"பன்னெண்டு மணி ஆகும்."

"அப்ப சரிப்பா. இப்பவே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இன்னொரு தேத்தண்ணி சொன்னேன். பன்னிரண்டு மணி ஆனது. நாலு வாரப் பேச்சு பாக்கி இருக்கும் என்று ஒரு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.