புறத்தே வைத்த தட்டு

மோலோச்னா ஆற்றின் கரையில், கண்ணெட்டும் தொலைவெல்லாம் கோதுமை பால்பிடித்து நிற்க, முசுக்கட்டை வேலிகளிலே சிட்டுகள் இரைய, கதிரவன் உச்சியை நெருங்கிய அவ்வேனிற் பொழுதில், எங்கள் சிற்றூரின் ஆடவர் அனைவரும் திருச்சபை மூப்பர் கொர்னேலியசு ஏவர்ட்டின் முற்றத்தில் மரம் இழைத்தும் விட்டம் ஏற்றியும் வியர்த்துக்கொண்டிருந்தனர். அவருடைய களஞ்சியம் எரிந்து சாம்பலாகிவிட்டது. கதிர் முற்றுமுன் புதுக்கூரை ஏறியாக வேண்டும். எரிந்த மனையை ஊரே கூடித் தூக்கி நிறுத்துவது எம்மவர் வழக்கம். அதற்கு அழைப்புமில்லை, கூலியுமில்லை. வராதவனுக்குத்தான் பேச்சு உண்டு.

அங்ஙனம் வந்தவருள் டீட்ரிக் நிக்கெலும் ஒருவன். பனிக்காலத்தில் தன் குதிரையை அவிழ்த்த கள்வனை அவன் நுகத்தடியால் அடித்துக் கையை முறித்திருந்தான். பகைவனையும் அடியோம், படைக்கலம் தொடோம் என்று உறுதிபூண்டு, அதன்பொருட்டே நாடுவிட்டு நாடு பெயர்ந்த மக்கள் நாங்கள். ஆகவே, செய்தது பிழையென்று அவையில் ஒரு சொல் சொல்லுமாறு மூப்பர் கேட்டார்.

"குதிரை போனா ஏர்ல யாரு நிப்பா, நீங்களா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

மூப்பர் அவனை அவையினின்றும் விலக்கினார். விலக்கப்பட்டவனோடு பேசலாம், உழைக்கலாம், அவனுக்கு உணவும் தரலாம்; உடனமர்ந்து உண்ணலாகாது. அவன் மனைவி அகனேத்தாவும் அன்றுமுதல் அடுக்களை மூலையில் தனித்தே உண்டாள். கற்றறிந்த நீங்கள் இதைக் கேட்டு முகஞ்சுளிக்கலாம், நானும் சுளித்தவன்தான்.

நண்பகலில் நீண்ட மேசைமேல் உப்பிட்ட பன்றித்தொடையும் ரொட்டியும் பிளம்பழக் கஞ்சியும் வந்தன. டீட்ரிக் தன் தட்டை எடுத்துக்கொண்டு மரக்குவியலருகே தரையில் அமர்ந்தான். பரிமாறிய அகனேத்தா அப்பக்கம் பாராதிருக்க முயன்று தோற்றாள்.

"நல்லா தின்னுடா! மரத்தத் தூக்குற கைதானே திருடனையும் தூக்குச்சு!" என்று கொல்லன் ஆப்ராம் சீண்டினான்.

"ஒன் கை சோத்தத் தவிர எதத் தூக்கியிருக்கு?" என்றான் டீட்ரிக்.

மேசை முழுதும் சிரித்தது. இறைவனுக்கு நன்றி கூற எழுந்த மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. நன்றியை விடுத்து, மேசையிலிருந்தோரை நோக்கிப் பேசலானார்.

"இந்தத் தீய எவனோ வச்சான்னு ஊருல பேச்சு. எரியுறப்ப நான் கோடாலியத் தேடிக்கிட்டு இந்த முற்றத்தையே சுத்தினேன். தண்ணி ஊத்த இல்லப்பா, அவன வெட்ட. ஆளு கெடைக்கல, அவ்வளவுதான். டீட்ரிக்குக்கு அவன் திருடன் கெடைச்சான்."

இவ்வாறு கூறித் தம் தட்டை எடுத்துச் சென்று, முழங்கால் நோவ, அவனருகே தரையில் அமர்ந்தார்.

"மூப்பரே, அப்ப அந்த வெலக்கு?" என்று ஆப்ராம் திகைத்தான்.

"என்னையும் சேத்து வெலக்கிட்டதா வச்சுக்க. நீ தாராளமா மேசையில சாப்புடு."

டீட்ரிக்கின் கையில் ரொட்டி அப்படியே இருந்தது. அவன் அதைத் தட்டிலே வைத்துவிட்டு மூப்பர் பக்கம் திரும்பினான்.

"அடிச்சது தப்புதான் மூப்பரே. அந்த எலும்பு முறிஞ்ச சத்தம் இன்னும் காதுல கேக்குது. சொன்னா நீங்க ஜெயிச்சதா ஆயிருமேன்னுதான் சொல்லாம இருந்தேன்."

ஊரார் அனைவரும் அங்கேயே குழுமியிருந்தமையால், கையுயர்த்தி இருவரையும் பொறுத்து மீண்டும் அவையில் ஏற்றனர். அவர்கள் எழுந்து மேசைக்கு வருமுன்னரே அகனேத்தா தன் தட்டோடு ஓடிச்சென்று, கணவனின் தோளோடு தோள் உரச, புழுதியிலே அமர்ந்து உண்ணத் தொடங்கினாள். அவள் அழுததை ஒருவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அறம் மேசைத்தலையில் அமர்ந்து அழைத்த நாளெல்லாம் வாராத ஒருவன், அது தன் பிழையைச் சொல்லித் தரையில் வந்தமர்ந்தபோது வந்தான்.