திருநீற்றில் ஓடிய தண்ணீர்

பாடையை இறக்கி வைக்கச் சொன்னார் வேதக்கோயில் உபதேசியார். வீரம்மா வைக்கவிடவில்லை. தூக்கி வந்த நாலு பேரும் யார் சொல்லைக் கேட்பதென்று தெரியாமல், அம்பிட்டிய மேட்டுக் கல்லறையின் மூங்கில் படலுக்கு முன்னால் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

பாடையில் கிடந்தது அவள் தம்பி இருளப்பன். அன்று காலைதான் காய்ச்சலில் போனான். கோப்பித் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில், காய்ச்சலில் செத்தவர்களைப் போடும் இடத்தில் குழி வெட்ட, கங்காணி கறுப்பையா அப்போதே ஆள் அனுப்பிவிட்டான். பெண்பிள்ளை பிணத்தோடு போகிற வழக்கமில்லை என்று கூலி லயத்துப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். வீரம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பாடைக்கு முன்னால் நடந்தே வந்துவிட்டாள்.

இருளப்பன் கட்டியது மதலேன் என்கிற, சிலுவை கும்பிடும் வேதக்காரப் பெண்ணை. போன மாசியில் பிரசவத்தில் அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று. இரண்டு பேரும் இந்தப் படலுக்கு உள்ளே, நாரத்தை மரத்தடியில் கிடந்தார்கள். அவர்கள் பக்கத்தில் தனக்கு இடம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று, ஞாயிறுதோறும் மேடு ஏறி வந்து உபதேசியாரிடம் மந்திரம் படித்தான் இருளப்பன். ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கும் சுவாமியார் வருகிற நாளெல்லாம் கோப்பி பழுக்கிற நாளாக வாய்த்தது, துரை விடவில்லை. பெண்டாட்டி செத்த பிறகும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைகிறான் என்று வீரம்மா அவனை ஏசியிருக்கிறாள். அவள் மாடசாமியைக் கும்பிடுகிறவள், அதை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் கிடையாது. ஆனாலும் அவனைப் பிள்ளை பக்கத்தில் படுக்கவைக்காமல் இன்று இந்த மேட்டைவிட்டு இறங்குவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

உபதேசியார் சந்தியாகு முகத்துணியை விலக்கினார். நெற்றி நிறையத் திருநீறு. அவர் வீரம்மாவின் நெற்றியைப் பார்த்தார். அங்கேயும் அதே பட்டை.

"இவன் கடைசி வரைக்கும் உங்க ஆளாத்தானேம்மா போயிருக்கான்" என்றார்.

"திருநீறு காய்ச்சலுக்காக விடியக்காலைல நான் பூசினது. ஞானஸ்நானம் அதுக்குப் பொறகு."

"யாரு கொடுத்தது?"

"நான்தான். கேட்டான், ஊத்தினேன்."

உபதேசியார் படலை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்தினார். சுவாமியார் கம்பளைக்குப் போயிருக்கிறார், வர மூன்று நாளாகும், அவரைக் கேட்காமல் முடியாது என்றார். மூன்று நாள் பிணம் தாங்குமா என்று வீரம்மா கேட்டாள். பிள்ளைக்கு மூச்சு இழுத்தபோது மருத்துவச்சி ஊற்றியது செல்லுமென்றால் நான் ஊற்றியது ஏன் செல்லாது என்றும் கேட்டாள். மருத்துவச்சி வேதக்காரி என்றார் அவர்.

"சாகிற அவசரத்துல யாரு ஊத்தினாலும் செல்லும்னு ஞாயித்துக்கிழமை நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாம். வேதக்காரங்க மட்டுந்தான்னு அதுல இருக்கா?"

உபதேசியாருக்கு அதில் என்ன இருக்கிறதென்று நன்றாகத் தெரியும். தெரியாதவராக இருந்திருந்தால் அப்படியே விரட்டிவிட்டிருப்பார். என்ன தண்ணீர் என்று குரலை இறக்கிக் கேட்டார்.

வீரம்மா சொன்னாள். அறுவடைக் காலமாதலால் ஓடைத் தண்ணீர் கோப்பித் தோல் கலந்து சிவந்து கிடந்தது. ஊற்றிலிருந்து விடியலில் அவள் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சிரட்டைதான் மிச்சம். நாக்கு வறண்டு கிடந்தவன் அதைக் குடிக்கமாட்டேன், தலைக்கு ஊற்று என்றான். தலைக்குக் கஞ்சியை ஊற்றுகிறேன், தண்ணீரை நீ குடி என்று கெஞ்சினாள். கஞ்சி செல்லாது, தண்ணீர்தான் வேண்டும் என்று அந்த நிலையிலும் சண்டைக்கு வந்தான். வார்த்தையை நாலு தரம் சொல்லிக்கொடுத்து, மூன்று தரம் தப்பு என்று முறைத்தான்.

"அந்த வார்த்தையச் சொல்லு."

"இருளப்பா, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." பாடை தூக்கியவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவள் தலை குனியவில்லை.

"சொல்லும்போதே ஊத்தினியா? தண்ணி தலையில ஓடிச்சா?"

"நீங்களே பாருங்க."

உபதேசியார் குனிந்தார். முடி தொடங்கும் இடத்திலிருந்து காதுவரை, திருநீற்றை அறுத்துக்கொண்டு ஒரு கோடு இறங்கியிருந்தது. விரலகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது. குனிந்தபடியே கேட்டார்.

"நீதான் நம்பலையே. என்ன நெனச்சு ஊத்தின?"

"உங்க சாமிய நான் நம்பல, இனியும் நம்பப்போறதில்ல. உங்க கோயில்ல ஊத்தினா என்ன ஆகுமோ அது அவனுக்கு ஆகட்டும்னு நெனச்சு ஊத்தினேன். குடிக்கக் கெடந்த கடைசித் தண்ணி ஐயா அது. அத வெளையாட்டுக்கா ஊத்துவேன்?"

உபதேசியார் நிமிர்ந்தார். படலின் கயிற்றை அவிழ்த்தார். பாடை உள்ளே போகும்போது, அந்தத் திருநீற்றையாவது துடைத்துவிடலாமே என்றார். வீரம்மா தம்பியின் நெற்றிக்கு மேல் கையை விரித்து மறித்துக்கொண்டாள்.

"தொடைச்சா தண்ணி ஓடின தடமும் போயிரும்" என்றாள். அவர் வற்புறுத்தவில்லை.

பாடை தூக்கியவர்களே நாரத்தை மரத்தடியில் பிள்ளைக்கு இடப்பக்கம் குழி வெட்டினார்கள். உபதேசியார் செபம் சொன்னார், இருளப்பன் என்ற பேரையே சொல்லிச் சொன்னார். வீரம்மா கை கூப்பவுமில்லை, விலகிப்போகவுமில்லை. ஒரு மடக்காவது குடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்பதுதான் அவளைத் தின்றது. அதற்காக மட்டும் வாய்விட்டு அழுதாள்.

மண் பாதி தள்ளியபோது மழை பிடித்துக்கொண்டது. பாடை தூக்கியவர்களில் இரண்டு பேர் மரத்தூரோடு ஒண்டினார்கள், மற்ற இரண்டு பேர் மண்ணைத் தள்ளினார்கள், உபதேசியார் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். வீரம்மா தன் நெற்றித் திருநீற்றில் தண்ணீர் ஓடிவிடாதபடி உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, குழி முழுவதும் மூடும்வரை நின்று பார்த்தாள். பிறகு நெற்றியிலிருந்து அந்தக் கையை எடுக்காமலே, மழையில் மேட்டைவிட்டு இறங்கினாள்.